கண்ணாடிக் கடை வாசலில் நின்றுவிடும் காப்பீட்டு அட்டை

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொண்டு, கண்ணின் பவரைச் சோதித்து, மூக்குக் கண்ணாடியும் தருகிற கடையோ மருத்துவமனையோ எங்கள் ஊருக்கு அருகில் எங்கே இருக்கிறது? சேரிகளிலும் குடியிருப்புகளிலும் மருத்துவ உரிமை குறித்துப் பேசச் செல்லும் தோழர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் நாற்பது வயதைக் கடந்த பெண்கள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, மாத்திரை அட்டையில் எழுதியிருப்பது தெரியவில்லை, குழுக் கடன் பாஸ் புத்தகத்தில் என்ன தொகை எழுதினார்கள் என்று பார்க்க முடியவில்லை என்பார்கள். கையில் அட்டை இருக்கிறது. எந்தக் கடைக்குப் போவது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அப்படியொரு கடை எங்கும் இல்லை என்பதே விடை. ஊரில் மட்டுமன்று, மாவட்டத் தலைநகரிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. கடைக்காரர் அட்டையை மறுக்கிறார் என்று எண்ணி அவரிடம் சண்டையிடுவதில் பயனில்லை. அந்த அட்டையின் கணக்கில் கண்ணாடி என்ற பொருளே இல்லை.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் ஒன்றிய அரசின் பிரதமர் மக்கள் நல்வாழ்வுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது இது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு என்கிறது அரசு. ஆண்டு வருமான வரம்பு 72 ஆயிரத்திலிருந்து 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. பெரிய எண்கள்தாம், பல உயிர்களைக் காத்த திட்டம் என்பதையும் நாம் மறுக்கவில்லை. இதய அறுவைக்கும் சிறுநீரகச் சிகிச்சைக்கும் நிலத்தையும் தாலியையும் விற்ற தலைமுறை நம்முடையது. ஆனால் இந்தக் காப்பீடு பணம் கொடுப்பது மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைகளுக்கும், பட்டியலிடப்பட்ட சில பரிசோதனைகளுக்கும்தான். புறநோயாளியாக வந்து மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போவதற்கு அதில் இடமில்லை.

இதைக் கண்ணுக்குப் பொருத்திப் பார்ப்போம். பிரதமர் திட்டத்தின் சிகிச்சைத் தொகுப்பில் கண்புரை அறுவை இருக்கிறது. நீரிழிவால் பழுதான விழித்திரைக்கு லேசர் சிகிச்சையும் இருக்கிறது. அந்த விழித்திரை பழுதாகிக்கொண்டிருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறை பார்க்கிற சோதனைக்கும், பவர் சோதனைக்கும், கண்ணாடிக்கும் அட்டை செல்லாது. கண் எவ்வளவு கெடுகிறதோ, அவ்வளவுக்கு அட்டைக்கு மதிப்பு கூடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஏன் இப்படி? காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு முறை அப்படி. எப்போதாவது, சிலருக்கு மட்டும், பெருந்தொகையாக நேரும் செலவைப் பலர் பேரில் பகிர்ந்து சுமப்பதுதான் காப்பீட்டுத் தொழில். கண்ணாடி இதற்கு நேர்மாறான பொருள். நாற்பதைத் தாண்டிய ஏறத்தாழ எல்லோருக்கும் வேண்டும், சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றும் சிறு தொகை. முன் அனுமதி, கோப்பு, ஒப்புதல், பட்டுவாடா என்று ஒரு கோரிக்கையைக் கையாளும் செலவே கண்ணாடியின் விலையை எட்டிவிடும். எனவே மக்களுக்கு மிகுதியாகத் தேவைப்படும் பொருள், தொழில்முறைக் காரணத்தாலேயே பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. பொது நல்வாழ்வைக் காப்பீட்டின் வழியே நடத்துவது என்று ஓர் அரசு முடிவெடுக்கும்போது, இத்தகைய தேவைகளைக் கைவிடும் முடிவையும் சேர்த்தே எடுக்கிறது. அது பற்றிச் சட்டமன்றத்தில் எவரும் பேசியாக வேண்டிய கட்டாயம் எழுவதில்லை.

‘வெள்ளெழுத்து’ என்று நம் பாட்டிமார் சொல்லும் குறை ஒரு நோயன்று. வயது ஏற ஏற, அருகிலுள்ள பொருளைப் பார்க்கக் கண்ணின் வில்லை வளைந்துகொடுக்காமற் போவதுதான். அலுவலகத்தில் அமர்ந்து கோப்புப் பார்ப்பவருக்கு இது ஒரு கண்ணாடியோடு முடிந்துவிடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிக் காலணி ஆலைகளில் தோலின் மேற்பகுதியைத் தைக்கும் பெண்ணுக்கு அவ்வாறன்று. தையல் ஒரு நூலிழை விலகினால் அந்தத் துண்டு கழிக்கப்படும்; கழிவு மிகுந்தால் மேற்பார்வையாளரின் வசை; அதற்குப் பின் வேலைநீக்கம். குப்பையைத் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கு உடைந்த கண்ணாடித் துண்டும் ஊசியும் கையில் குத்திய பிறகே தெரிகின்றன. நாற்பத்தைந்து வயதில் ‘கைவேகம் குறைந்துவிட்டது’ என்று வெளியேற்றப்படுகிறவர்களில் எத்தனை பேருக்குக் குறைந்தது கைவேகம், எத்தனை பேருக்குக் குறைந்தது கண்பார்வை என்று எந்த நிர்வாகமும் பார்ப்பதில்லை.

இது வெறும் ஊகமன்று. அசாமில் நாற்பது வயதைக் கடந்த தேயிலைத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. அருகுப் பார்வைக்கான கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தித்திறன், பெறாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்திருந்தது. 2024இல் வெளியான வங்கதேச ஆய்வு வருமானத்தையே அளந்தது. இலவசமாக வாசிப்புக் கண்ணாடி பெற்ற கிராமப்புற மக்களின் மாத வருமானம் எட்டு மாதங்களில் 35 டாலரிலிருந்து 47 டாலராக, அதாவது மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. கொடுக்கப்பட்டதோ மலிவான ஆயத்தக் கண்ணாடி. அசாம் தேயிலைத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் நடு இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆதிவாசிகளின் வழித்தோன்றல்கள் என்பதை நாம் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கண்ணாடி இல்லாததால் இழக்கப்படும் கூலி எந்தச் சமூகங்களின் கூலி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அட்டை செல்லாத நிலையில் மக்கள் போகும் இடம் கடைத்தெருக் கண்ணாடிக் கடை. ‘இலவசக் கண் பரிசோதனை’ என்று பலகை தொங்கும். சோதனைக்குக் கட்டணமில்லை என்பது உண்மைதான். அந்தக் கட்டணம் பிரேமின் விலையில் இருக்கிறது. சோதித்த பிறகு சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வர ஒரு கூலித் தொழிலாளியால் எளிதில் முடியாது. சோதிப்பவர் முறையாகப் படித்த ஆப்டோமெட்ரிஸ்டா, கடையில் வேலை பழகியவரா என்பதும் அவருக்குத் தெரியாது. ஆப்டோமெட்ரிஸ்டுகளை உள்ளடக்கிய துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டமே 2021இல்தான் வந்தது. 2025 செப்டம்பரில் பார்வைக் கண்ணாடிகள் மீதான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நல்லது. ஆனால் நூறு நாள் வேலையில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கூலியை நம்பியிருப்பவருக்கு ஏழு விழுக்காடு குறைவதால் கடையின் கதவு திறந்துவிடாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்கலாம். பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976 முதல் இருக்கிறது. அதன்படி பள்ளிக் குழந்தைகளுக்குச் சோதனையும் இலவசக் கண்ணாடியும் உண்டு. முதியோருக்கு வெள்ளெழுத்துக்கான கண்ணாடியும் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இது ‘கண்ணொளி காப்போம்’ என்ற பெயரில் நடக்கிறது. பள்ளிக்கும் முதுமைக்கும் இடையிலுள்ள நாற்பதாண்டு உழைக்கும் வாழ்வுக்குத் திட்டம் ஏதுமில்லை என்பதுதான் சிக்கல். பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய கண்ணாடி கல்லூரி முதலாண்டில் உடைந்தால், ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் அடுத்த கண்ணாடிக்கு யாரிடம் போவார்? கரும்பலகை தெரியாமல் கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பவரை ‘இட ஒதுக்கீட்டில் வந்தவர், படிப்பு ஏறவில்லை’ என்று பேசுவதற்கு நம் கல்லூரிகளில் ஆசிரியர்கள் உண்டு. கிட்டப்பார்வைக் குறைபாட்டுக்கும் தகுதி, திறமை என்று பெயர் சூட்டிவிடுகிறது சாதி.

அரசு மருத்துவமனைக்குப் போகலாமே என்பது அடுத்த கேள்வி. போகலாம், போகவும் வேண்டும். 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் கண் மருத்துவமனை ஆசியாவிலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்று. மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர் என்ற பணியிடமும் இருக்கிறது. பவர் சோதித்து எழுதித் தருவது அவருடைய வேலைதான். ஆனால் அவர் எந்த நாளில் எந்த நிலையத்தில் இருப்பார் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. முகாம், பள்ளி, கூட்டம் என்று அவரும் அலைந்துகொண்டிருப்பார். ஒரு நாள் கூலியை விட்டுச் சென்று, ஆளில்லை என்று திரும்பியவர் இரண்டாம் முறை போவதில்லை. போய்ச் சீட்டு வாங்கியவரும் மீண்டும் கண்ணாடிக் கடைக்கே வந்து நிற்கிறார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது. அந்த மாத்திரை உறையைப் படிக்க முடியாதவரின் வீட்டுக்கும் அது போகிறது. அதே பையில் நான்கைந்து பவர்களில் ஆயத்த வாசிப்புக் கண்ணாடிகளையும், சோதிக்க ஓர் எழுத்து அட்டையையும் வைத்தனுப்ப என்ன தடை? வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி தேர்ந்தெடுக்கப் பயிற்சி பெற்ற களப்பணியாளரே போதும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், தூய்மைப் பணியாளர் நல வாரியம் உள்ளிட்ட தமிழ்நாட்டு நல வாரியங்களில் பதிவு செய்தவர்கள் மூக்குக் கண்ணாடி வாங்கிய செலவை ஒரு வரம்புக்குள் திரும்பப் பெறலாம். மருத்துவச் சீட்டும் கடை இரசீதும் வேண்டும். நெடுங்காலமாக 500 ரூபாய் என்றிருந்த உதவி இது. தொகை சிறிது, முதலில் கைக்காசு போட்டு வாங்க வேண்டும், பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். ஆயினும் கேட்டுப் பெற வேண்டிய பணம். பதிவு அட்டை வைத்திருக்கும் தூய்மைப் பணியாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பலர் முதல் முறையாகக் கேள்விப்படுவார்கள்.

உழைப்பாளிக்கான காப்பீடு புறநோயாளியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பார்வை இந்த நாட்டுக்குப் புதியதன்று. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த 1942-46 காலத்தில்தான் அதார்க்கர் அறிக்கை வந்தது. அதன் வழியே 1948இல் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. காய்ச்சலுக்கு மருந்தகத்துக்குப் போகும் தொழிலாளியிலிருந்தே அந்த ஈ.எஸ்.ஐ. தொடங்கியது. ஆனால் அது மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் அமைப்புசார் தொழிலாளர்களோடு நின்றுவிட்டது. வயலிலும், செங்கற்சூளையிலும், ஒப்பந்தத் துப்புரவிலும் இருக்கும் நம் மக்களுக்குப் பின்னாளில் வந்த காப்பீடு மருத்துவமனைக் கட்டிலிலிருந்துதான் தொடங்குகிறது.

பிரித்தானியாவில் 1948இல் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியபோது கண்ணாடி இலவசமாக இருந்தது. 1951இல் போர்த் தளவாடச் செலவுக்காகப் பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கப்பட்டபோது, அச்சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். ஒரு கண்ணாடிக்காகவா என்று நம் அரசியலில் சிரிப்பார்கள். இன்றும் அங்கே வருமானம் குறைந்தோருக்கும் குழந்தைகளுக்கும் அரசு பணச்சீட்டு தருகிறது. தம் தெருவிலுள்ள ஆப்டோமெட்ரிஸ்டிடம் அதைக் கொடுத்து அவர்கள் கண்ணாடி பெறலாம். மருத்துவமனைக் கோப்பு தேவையில்லை. நம் அட்டையோடும் இப்படியொரு பணச்சீட்டை இணைப்பதற்குப் புதிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டியதில்லை.

தொண்டு நிறுவன முகாம்கள் இருக்கின்றனவே என்பாரும் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் நடத்தும் பார்வை மையங்கள், பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவரும் காணொலியில் மருத்துவர் ஒருவரும் இருந்தால் போதும் என்று காட்டியிருக்கின்றன. நாம் அதை மதிக்கிறோம். ஆனால் முகாம் ஊர்ப் பொதுவிடத்தில் நடக்கிறதா, சேரியில் நடக்கிறதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இடம் தருபவர். வரவில்லை என்றால் கேட்க வழியில்லை.

பணம் எங்கே என்று அதிகாரிகள் கேட்பார்கள். 2024இல் நிறைவேறிய தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டம், மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்கச் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. விடுதி மாணவர்களுக்கும், தூய்மைப் பணியாளர்களுக்கும், தோல் தொழிலாளர்களுக்கும் ஆண்டுதோறும் கண் சோதனையும் கண்ணாடியும் என்று ஒரு தலைப்பை அந்தச் செயல் திட்டத்தில் சேர்க்கக் கோரலாம். பொதுச் சாலைக்கும் பாலத்துக்கும் திருப்பப்பட்டு வந்த நிதி இது என்பதால், தனிமனிதருக்கு நேரே சேரும் இத்தகைய செலவு இன்னும் பொருத்தமானது.

அதற்கு முன் செய்யக்கூடிய வேலை ஒன்று கல்லூரி மாணவர்களின் கையில் இருக்கிறது. உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். கண் மருத்துவ உதவியாளர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை. அவர் நிலையத்தில் இருக்கும் நாள்கள் எவை. பவர் சோதிக்கும் வில்லைப் பெட்டி இருக்கிறதா. கடந்த மூன்று நிதியாண்டுகளில் நாற்பது வயதைக் கடந்தோருக்கு எத்தனை கண்ணாடிகள் கொடுக்கப்பட்டன. அவை எந்தெந்தக் குடியிருப்புகளில் கொடுக்கப்பட்டன? மாவட்டத் தாட்கோ அலுவலகத்துக்கு இன்னொரு மனு: தூய்மைப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்தோர் எத்தனை பேர், அவர்களில் கண்ணாடிக்கான உதவியைக் கேட்டவர்கள் எத்தனை பேர், பெற்றவர்கள் எத்தனை பேர்? முப்பது நாளில் விடை தர வேண்டும். விடைகளை எங்களுக்கு அனுப்புங்கள். மாவட்ட வாரியாகத் தொகுத்து இங்கே வெளியிடுவோம்.