பந்திக்கு அழைத்தோம், பங்குக்கு அழைத்தோமா?

தியானப் பகுதி: யோபு 1:4, 42:13–15



யோபின் குமாரர்கள் அவரவருக்குரிய நாளில் தங்கள் வீட்டில் விருந்து செய்து, தங்கள் மூன்று சகோதரிகளையும் அழைத்து வந்து உடன் அமர்த்திக்கொண்டார்கள் என்று வேதம் கூறுகிறது. அந்த நாள் பிறந்தநாளே என்று வேத அறிஞர்களில் பலர் கருதுகின்றனர். எனக்கும் சகோதரிகள் மூவர்: அக்காமார் இருவர், தங்கை ஒருத்தி. சென்ற மாதம் எனக்கு 60 வயது நிறைந்தது. மண்டபமும் பதாகையும் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, ஒரு வாகனத்தை அமர்த்தி மூவரையும் ஒருநாள் பயணமாக அழைத்துச் சென்றேன். மணமாகிச் சென்றபின் நாங்கள் நால்வர் மட்டும் ஒருநாள் முழுவதும் சேர்ந்திருந்தது அன்றுதான்.

விடியற்காலையில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஜெபித்துப் புறப்பட்டு, ஆற்றைக் கடந்து ஆதிச்சநல்லூருக்குச் சென்றோம். தோண்டிய குழிகளில் முதுமக்கள் தாழிகள் இருந்த நிலையிலேயே இருக்க, கண்ணாடியின் வழியே அவற்றைப் பார்க்கும்படி 2023-இல் அமைக்கப்பட்ட அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. பல தலைமுறைகளாகப் பக்கத்தில் வாழ்ந்தும் நாங்கள் ஒருமுறைகூட உள்ளே சென்றதில்லை. பெரிய அக்கா நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து பாளையங்கோட்டை. குளோரிந்தா அம்மையார் கட்டிய சிற்றாலயத்தை நீங்கள் அறிவீர்கள். ஊரார் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்பார்கள். தஞ்சையிலிருந்து வந்த பிராமண விதவையாகிய அவர் 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றார். 1785-இல் எழுந்த அவ்வாலயத்துக்குத் தம் கைப்பொருளைக் கொடுத்தார். அருகில் ஒரு கிணறும் வெட்டுவித்தார். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தில் ஒரு பெண் நிற்கிறார் என்று எத்தனையோ மகளிர் கூட்டங்களில் நான் பிரசங்கித்திருக்கிறேன்.

அவ்வாலயத்தின் குளிர்ந்த தரையில் அமர்ந்திருந்தபோது இரண்டாவது அக்கா மெல்லச் சொன்னார்: “தம்பி, இந்த அம்மா கையில சொந்தமா ஏதோ இருந்திருக்கு. அதான் கொடுக்க முடிஞ்சிருக்கு.”

அவர் என்னைக் குறைகூறவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. எங்கள் தகப்பனார் வடகால் பாசனத்தில் ஒரு வாழை வயலை விட்டுச் சென்றார். அவர் உயில் எழுதவில்லை; தாயார் முன்னமே கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். 22 ஆண்டுகளுக்கு முன் மூன்று சகோதரிகளும் பத்திரப் பதிவுக்கு வந்து, காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்திட்டார்கள். வாசித்துப் பார்க்கும்படி நான் சொல்லவில்லை. பின்பு மூவருக்கும் மதிய உணவு வாங்கிக் கொடுத்து, ஆளுக்கொரு சேலை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். அந்தப் பத்திரத்துக்கு நம் நாட்டில் ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயர். விடுதலையைப் பிரசங்கிக்கிற நான், அதில் விடுபட்டது அவர்களுடைய உரிமை என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

பயணம் தொடர்ந்தது. தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயத்தைக் கண்டோம். 1713-இல் அர்ச்சிக்கப்பட்டு, 1982-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட அவ்வாலயத்தில், நம் மரபு வேறாயினும், முத்துக்குளித்த மக்களின் விசுவாசத்தை நினைத்து அமைதியாய் நின்றோம். மாலையில் முத்துநகர் கடற்கரை. மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு மூவரும் சிறுமிகளைப்போலச் சிரித்தார்கள். சிரித்தும் பேசியும் அமர்ந்திருந்த அவர்கள் நடுவில் எனக்கு மட்டும் மனம் கனத்தது.

திரும்பும் வழியில் சாயர்புரத்தில் இறங்கினோம். 1840-களில் ஜி.யு. போப் ஐயர் ஊழியம் செய்த ஊர் அது. அவர் திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரைக்கு 1900-ஆம் ஆண்டு தம் 80-ஆவது பிறந்தநாளையே தேதியாக இட்டார். தமிழில் முதல் பாடம் கற்றது 1837-இல் என்றும் அதில் நினைவுகூர்ந்தார். தாம் பெற்றதற்கு ஈடாக எதைக் கொடுத்தோம் என்று 63 ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும் நாளாகப் பிறந்தநாளை அவர் ஆக்கிக்கொண்டார். நான் பெற்றதில் எனக்குரியது எவ்வளவு என்று அன்றிரவு என்னையே கேட்டுக்கொண்டேன்.

பிரியமானவர்களே, யோபின் புத்தகம் முதல் அதிகாரத்தோடு முடிந்துவிடவில்லை. அங்கே சகோதரிகள் பந்திக்கு அழைக்கப்பட்டார்கள். பாடுகளைக் கடந்து வந்த யோபு கடைசி அதிகாரத்தில் தன் குமாரத்திகளுக்கு அவர்கள் சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான். அங்கே குமாரரின் பெயர்கள் எழுதப்படவில்லை. எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்னும் மகள்மாரின் பெயர்களே எழுதப்பட்டுள்ளன. மோசேயின் முன் நின்று பங்கு கேட்ட செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவரும் பேசியது சரியே என்று கர்த்தர் தீர்ப்பளித்ததை எண்ணாகமம் 27-இல் வாசிக்கிறோம். நமக்குரிய 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கே தருகிறது.

“நகை போட்டோம், சீர் செய்தோம், இனி என்ன பங்கு?” என்று சிலர் கேட்பீர்கள். சீர் என்பது நாம் மனமுவந்து கொடுப்பது. பங்கு அவளுக்கே உரியது. நம்முடைய தாராளத்தைக் காட்டி அவளுடைய உரிமையைக் கழித்துவிட முடியாது. “அவளாக மனமுவந்துதானே எழுதிக் கொடுத்தாள்?” என்பீர்கள். பங்கு கேட்டால் தாய்வீட்டின் வாசல் அடைபடும் என்ற அச்சத்தில் இட்ட கையெழுத்தை மனமுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். பங்கு வேண்டாம் என்று ஒரு சகோதரி உண்மையாகவே சொல்லலாம். கேட்டாலும் தாய்வீடு அவளுக்குத் திறந்தே இருக்கும் என்பதை அறிந்தபின் அவள் அதைச் சொல்லட்டும்.

மறுநாள் மூவரையும் அமர்த்தி, வயலை நால்வர் பெயரிலும் எழுத விரும்புகிறேன் என்றேன். தங்கை அழுதாள். இரண்டாவது அக்கா, “பத்திரத்தை இந்தத் தடவை நான் வாசிச்சுப் பாக்கேன்” என்றார். பெரிய அக்கா மட்டும், “இத்தனை வருசம் கழிச்சு எதுக்கு?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய மௌனத்தில் வருத்தமும் இருந்தது. அதை நான் சுமக்கத்தான் வேண்டும். எழுத்து வேலைகள் தொடங்கிவிட்டன.

பிறந்தநாள் வந்தால் நாம் காணிக்கை உறையோடு பீடத்தண்டை வருகிறோம். அது நல்ல வழக்கம். ஆனால் சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகும்படி ஆண்டவர் மத்தேயு 5-இல் கட்டளையிட்டார். சகோதரிக்குக் குறை உண்டென்று நினைவு வந்தாலும் அப்படியே செய்யுங்கள். உங்கள் அடுத்த பிறந்தநாளில் அவளை எங்கேயாவது அழைத்துச் செல்லுங்கள். ஆலயங்களைக் காட்டுங்கள், கடலைக் காட்டுங்கள். அவள் பேசட்டும், கேளுங்கள்.

ஜெபம்: எங்கள் பிதாவே, எங்களுக்குரியது அல்லாததை நாங்கள் எங்களுடையது என்று வைத்துக்கொண்டிருந்தால் அதை எங்களுக்குக் காட்டும். திருப்பிக் கொடுக்கும் மனதையும், மன்னிப்புக் கேட்கும் தாழ்மையையும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.