உருண்டு புரண்ட கதை

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு பொய்யை எந்த அளவோடு நிறுத்தினால் வாசகர் நம்புவார் என்பது எனக்குத் தொழில் கணக்கு. அந்த உரிமையில் சொல்லுகிறேன்: 2020 ஜூன் 19-ஆம் தேதி சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிய முதல் தகவல் அறிக்கையைக் கதை என்று அனுப்பியிருந்தால்கூட எந்தப் பத்திரிகை ஆசிரியரும் திருப்பி அனுப்பியிருப்பார். ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாம். கேட்கப் போனபோது தகப்பனாரும் மகனும் தரையில் உருண்டு புரண்டார்களாம். அதில் உள்காயம் பட்டதாம்! கோயில் கோயிலாக அங்கப்பிரதட்சிணம் செய்கிறவர்கள் எழுந்து, உடம்பைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். இந்த இருவரில் மகன் 22-ஆம் தேதி இரவு இறந்தார். தகப்பனார் மறுநாள் காலையில்.

"போலீஸ் விவகாரத்தைப் போலீஸ்தானே துருவி எடுக்க முடியும்? வேறு யாருக்கு ஐயா அந்தத் தொழில் தெரியும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வாஸ்தவம். தடயம் தேடத் தெரிந்தவர்களுக்கு அதை ஒழிக்கவும் தெரியும் அல்லவா? 28-ஆம் தேதி கோவில்பட்டி மாஜிஸ்திரேட் விசாரணைக்காக அந்த ஸ்டேஷனுக்குப் போனார். காமிராப் பதிவுகள் அன்றன்றே தாமாக அழிந்துபோகும்படி அமைத்திருந்தார்கள். லத்திகளைக் கேட்டால் எளிதில் கொடுக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் மாஜிஸ்திரேட்டையே முகத்துக்கு நேரே இழிவாகப் பேசினார். அந்த இடத்தில், பயத்தில் நடுங்கிக்கொண்டே, ஒரு பெண் தலைமைக் காவலர் வாய் திறந்தார். அடுத்த நாள், ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் வசம் ஒப்படைக்கச் சொல்லிற்று.

நல்லவர்கள் இருந்தார்கள், உண்மை பிழைத்தது என்று திருப்திப்பட்டுக்கொள்ளலாமா? 20-ஆம் தேதி அந்த இருவரையும் சிறைக்கு அனுப்பியவரும் ஒரு மாஜிஸ்திரேட்தான். உடம்பு சரியாக இருக்கிறது என்று சான்று கொடுத்தவர் சர்க்கார் டாக்டர்தான். எந்த மாஜிஸ்திரேட் வந்து வாய்ப்பார் என்பதை நம்பி இருப்பது விசாரணை அல்ல, லாட்டரிச் சீட்டு.

2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில், போலீஸ் மீதான புகாரைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஓர் ஆணையம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. நம் மாநிலம் 2013-ல் சட்டம் செய்தது. தலைவர் யார் தெரியுமா? உள்துறைச் செயலாளர்! உறுப்பினர்களில் ஒருவர் டி.ஜி.பி.! மாமியார் மீது மருமகள் சொல்லும் புகாரை மாமியாரின் அண்ணன் விசாரிக்கிற மாதிரி. இங்கிலாந்தில் இதே காரியத்துக்காக உள்ள அமைப்பின் தலைமைப் பதவிக்கு, ஒரு நாளாவது போலீஸ் உத்தியோகம் பார்த்தவர் வரக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் குறைகள் உண்டு. கீழே வேலை பார்க்கிறவர்களில் பழைய போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த ஒரு வரியை எழுத அவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே!

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. போலீஸ் கைபட்ட ஒருவர் இறந்துபோனால், லத்தியும் தினசரிக் குறிப்பேடும் காமிராப் பெட்டியும் அந்த மணி நேரமே வெளியார் கைக்கு மாறவேண்டும். ஹைகோர்ட் தலையிடும்வரை காத்திருக்கக் கூடாது. சாத்தான்குளத்தில் தகப்பனார் இறந்த 23-ஆம் தேதிக்கும் ஹைகோர்ட் உத்தரவிட்ட 29-ஆம் தேதிக்கும் நடுவே, அந்த ஸ்டேஷனின் சாவி யாருடைய இடுப்பில் தொங்கிற்று?