சேமிப்பு எவருக்கு? இழப்பு எந்த ஊருக்கு?



விசா நிபந்தனையின் பொருட்டு அமெரிக்காவின் ஒதுக்குப்புறச் சிற்றூர்களில் மூன்றாண்டுகள் பணிபுரியும் வெளிநாட்டு மருத்துவர்களுள் தமிழரும் உளர். 1994ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த வழி அது. அவ்வழியே சென்று அங்கேயே வேரூன்றிவிட்ட நம்மவர் குடும்பங்களுக்கு, ஊர் மருத்துவமனை மூடப்படுவது அயலார் வீட்டுச் செய்தியன்று. 2010 முதல் அந்நாட்டில் 140க்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் முற்றாக மூடப்பட்டுள்ளன அல்லது உள்நோயாளர் பிரிவை இழந்துள்ளன.

இந்நிலையிற்றான் "சேமிப்புப் பகிர்வு" முறையைச் சர்வரோக நிவாரணியெனப் பறைசாற்றுகின்றனர். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிறந்து, 2012இல் நடைமுறைக்கு வந்த திட்டம் இது. மருத்துவர்களும் மருத்துவமனைகளும் குழுவாக இணைந்து, குறைந்தது 5000 மெடிகேர் பயனாளிகளின் பராமரிப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும். செலவு இலக்குத் தொகைக்குக் கீழே இறங்கினால் மிச்சத்தில் ஒரு பங்கு குழுவுக்கு. நோயை முன்கூட்டியே கண்டறிந்து, தேவையற்ற மருத்துவமனை அனுமதியைத் தவிர்ப்பது நன்னோக்கமே. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால், தவிர்க்கப்படும் அந்த அனுமதி யாருடைய வருமானம்? மாநகரில் ஒரு மருத்துவர் குழு, தனக்குச் சொந்தமில்லாத மருத்துவமனையின் படுக்கைகளைக் காலியாக்கிப் பரிசு பெறலாம். சிற்றூரிலோ சேமிப்பவரும் இழப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. நோயாளர் பத்துப்பேர் வந்தாலும் இருவர் வந்தாலும் இரவுப்பணித் தாதியருக்கு ஊதியம் கொடுத்தாக வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவின் விளக்கை அணைக்க முடியாது. இன்று ஒரு டாலரை இழந்தால் அதில் ஒரு பகுதி அடுத்த ஆண்டு திரும்பி வருமாம். வராமலும் போகலாம்!

25 படுக்கைகளுக்கு மிகாத சிறு மருத்துவமனைகளின் நிலை இன்னும் விசித்திரமானது. 2004 முதல் அவற்றின் செலவில் 101 விழுக்காட்டை மெடிகேர் வழங்க வேண்டும் என்பது சட்டம். (2013இல் வந்த வரவுசெலவுத் திட்ட வெட்டு அதிலும் கைவைத்தது.) நோயாளர் குறைந்தால் மொத்தச் செலவு குறைவதில்லை, எஞ்சியோர் ஒவ்வொருவர் தலையிலும் கூடுதலாக ஏறுகிறது. உடனே கணக்கேடு அம்மருத்துவமனையைச் செலவு மிக்கதெனக் காட்டும். அறுவை சிகிச்சைக்குப்பின் ஊர் திரும்பும் முதியவரைச் சில நாட்கள் அங்கே வைத்துப் பேணுவதுகூடக் குழுவுக்குப் பாரமாகத் தெரியும்.

இலக்குத் தொகையின் கணக்கும் நேரியதன்று. அதில் வட்டாரச் சராசரியும் கலக்கப்படுகிறது. வட்டார முதியோருட் பலர் ஒரே குழுவினராயின், அவர்கள் மிச்சம்பிடித்ததே சராசரியைத் தாழ்த்தி, அவர்களின் அடுத்த இலக்கையும் கீழே இழுக்கிறது. 2024 முதற் தொடங்கும் ஒப்பந்தங்களில் இக்குறை தணிக்கப்பட்டதேயன்றி நீக்கப்படவில்லை. சிறு குழுக்களுக்கு அவ்வாண்டு முதல் வழங்கப்படும் முன்பணமும், பின்னர் ஈட்டும் சேமிப்பிலிருந்து கழித்துக்கொள்ளப்படுவதே.

மாற்றுவழி இல்லையா? பென்சில்வேனியா மாநிலம் 2019 முதல் 2024 வரை, பங்கேற்ற கிராமப்புற மருத்துவமனைகளுக்கு நோயாளர் எண்ணிக்கையைச் சாராத ஆண்டுத்தொகையை முன்கூட்டியே வரையறுத்து வழங்கிப் பார்த்தது. மருத்துவமும் பொதுக்கொள்கையும் பயிலும் நம் இளையோர் அதன் கணக்குகளை எடுத்துப் படிக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்திருப்பதற்கான செலவை முதலிற் கொடுங்கள். மிச்சத்தைப் பங்கிடுவது பற்றிப் பிறகு பேசலாம்.