ஒழுகும் இடம் வேறு

ஐப்பசியின் முதல் மழை திருவான்மியூரில் இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது. காலையில் கார் கதவைத் திறந்ததும் வாடைதான் முதலில் வந்தது. நனைந்த சாக்கை மடித்து மூலையில் போட்டு நாலு நாள் கழித்து எடுத்தால் மூக்கில் ஏறுமே, அந்த வாடை. காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். 1998ஆம் ஆண்டு மாருதி 800, வாங்கிய நாளிலிருந்து கை மாறாத வண்டி. பக்கத்து சீட்டின் முன்னால் கிடந்த மிதியடியைத் தூக்கிவிட்டு கார்பெட்டை அழுத்தினார். விரலிடுக்கில் தண்ணீர் பொங்கியது.

"ஏசி தண்ணியா இருக்கும் சார்" என்றார் அபார்ட்மெண்ட் காவலாளி.

நியாயமான சந்தேகம்தான். ஏசியில் திரளும் நீர் வெளியேற ஒரு சின்னக் குழாய் உண்டு. அதில் தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் வண்டிக்குள்ளேயே திரும்பிவிடும். ஆனால் அந்தத் தண்ணீர் மழைக்காகக் காத்திருக்காது, சித்திரை வெயிலிலும் வரும். தவிர, இவருடையது 800இன் சாதா மாடல். அதில் ஏசியே கிடையாது. அடுத்து வைப்பருக்குக் கீழே, காற்று உள்ளே போகும் பள்ளம். வேப்பஞ்சருகும் புங்கம்பூவும் சேர்ந்து அங்குள்ள வடிகாலை அடைத்தாலும் கால் வைக்கும் இடம் குளமாகும். மரத்தடியில் வண்டி நிறுத்துகிற எல்லோரும் மழைக்கு முன்னால் ஒருமுறை அதில் விரலை விட்டுப் பார்ப்பது நல்லது. அவரும் விட்டுப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. மிச்சம் இருந்தது முன் கண்ணாடி.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. கூடத்தில் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே உடைந்த ஓடு இருக்காது. தண்ணீர் ரீப்பரைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி வந்து சொட்டும். ஓடு மாற்ற ஏறுகிறவருக்கு உள்ளே ஓர் ஆள் நின்று கம்பால் தட்டிக் காட்டுவது அதனால்தான். காரிலும் அப்படியே. கண்ணாடியின் மேல் விளிம்பில் நுழைகிற நீர் ரப்பருக்குள்ளேயே ஓடி, பக்கவாட்டில் இறங்கி, ஒயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் எங்கோ சொட்டும். அந்த 'எங்கோ' ஃப்யூஸ் பெட்டியாக இருந்துவிட்டால், அடுத்த மழையில் எந்த விளக்கு எரியும், எது எரியாது என்று வண்டிதான் முடிவு செய்யும்.

எல்லோரும் செய்வதைத்தான் அவரும் முதலில் செய்தார். கார் அலங்காரச் சாமான்கள் விற்கும் கடையொன்றில் வேலை பார்க்கும் பையன் ஒரு சிலிகான் டியூபை எடுத்து வந்தான். ரப்பர் ஓரத்தில் சுற்றிலும் பிதுக்கி, விரலால் வழித்துவிட்டான். கால் மணி நேர வேலை, முந்நூறு ரூபாய். வீடு வரும்வரை வண்டிக்குள் வினிகர் வாடை. ஒழுகலும் நின்றது, அந்த வருஷத்துக்கு.

அந்த வினிகர் வாடையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குளியலறை மூலைக்கும் மீன் தொட்டிக்கும் பூசுகிற சாதாரண சிலிகான், காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. வினிகரில் இருப்பதும் அதுதான். பெயிண்ட் விட்டுப்போய் வெறும் இரும்பு தெரிகிற இடத்தில் அது பட்டால் துருவுக்கு விதை போட்ட மாதிரி. தவிர, சிலிகான் தடவிய இடத்தில் பிறகு பெயிண்டும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. தின்னர் போட்டுத் துடைத்தாலும் ஒரு படலம் தங்கிவிடும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வெளி ஓரத்தை அடைத்ததும், ஏற்கெனவே உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லாமல் போகிறது. ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் அது குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும்.

மாருதி 800, அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளில் முன் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டதில்லை. பட்டறைக்காரர்கள் 'பீடிங் கிளாஸ்' என்பார்கள். சுற்றிலும் ஓடுகிற ரப்பருக்கு இருபக்கமும் பள்ளம் உண்டு. ஒரு பள்ளம் கண்ணாடி விளிம்பைக் கவ்வும், எதிர்ப் பள்ளம் பாடித் தகட்டின் உதட்டைக் கவ்வும். ரப்பர் இளசாக இருக்கிறவரை அந்தக் கவ்வலே தண்ணீருக்குத் தடுப்பு. சென்னை வெயிலில் இருபது வருஷம் வெந்த ரப்பர் இறுகும், சுருங்கும். மூலைகளில்தான் முதலில் வாய் பிளக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்து நகம் பதியவில்லை என்றால் அதன் காலம் முடிந்தது. அதற்கு மேல் எந்த டியூபும் உதவாது.

மறு ஆடியில் வண்டியைக் கழுவும்போது, கண்ணாடியின் இடது கீழ் மூலையில் உளுந்தளவு ஒரு கொப்புளம் கண்ணில் பட்டது. தீபாவளிக்குள் அது நாலணா அளவுக்கு வந்துவிட்டது.

துருவாக மாறும்போது இரும்பு பல மடங்கு பருக்கும். பெயிண்டை அடியிலிருந்து தூக்குவது அந்தப் பருமன்தான். இடுக்கில் நிற்கிற ஈரம், திறந்த இடத்து ஈரத்தைவிடப் பொல்லாதது. காற்றுப் படும் ஓரத்துக்கும் காற்றுப் படாத உள்பகுதிக்கும் நடுவே ஒரு சின்ன பேட்டரி போல மின்னோட்டம் ஓட ஆரம்பித்து, காற்றுப் படாத பக்கம் கரையத் தொடங்கும். நீரில் உப்பு கலந்திருந்தால் அந்த மின்னோட்டத்துக்கு ராஜபாட்டை. உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிற வண்டியின் இடுக்குகள், மழை விட்ட பிறகும் முழுதாகக் காயாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. துரு என்பது தேய்மானக் கணக்கில் போய்விடும்.

புதுப்பேட்டையை ஒட்டிய சந்தில் இருந்த டிங்கர் கொப்புளத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று வந்துகொண்டிருந்த சத்தம் மூலையில் 'தப்' என்று அடங்கியது.

"யாரு சார் சிலிகான் போட்டது?"

அவர் வாயைத் திறக்கவில்லை.

"கண்ணாடியக் கழட்டாம ஒண்ணும் சொல்ல முடியாது. கழட்டினா வருத்தப்படுவீங்க."

கழற்றினார்கள். ரப்பரை எப்படியும் மாற்றத்தான் போகிறோம் என்பதால் அதன் வெளி உதட்டை பிளேடால் அறுத்துவிட்டு, இரண்டு பேர் உள்ளிருந்து மெதுவாகத் தள்ளினார்கள். லேமினேட்டட் கண்ணாடியை விளிம்பில் நெம்பக் கூடாது. நெம்பினால் ஒரு நொடியில் கோடு ஓடிவிடும். பழைய போர்வையின் மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இடது மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு உதடே இல்லை. முக்கால் மில்லிமீட்டர் தகடு, பிய்த்துப் போட்ட பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. அதன் நடுவே சிலிகான் மட்டும் பளபளவென்று, பூசிய வடிவம் மாறாமல், எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றது.

இந்தக் கட்டத்தில் பல வண்டிகளுக்கு நடப்பது பட்டி வைத்தியம். ஓட்டையில் பட்டி நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, மேலே பெயிண்ட். அன்றைக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும், அடியில் துரு தன் வேலையைத் தொடரும். விற்கப்போகிற வண்டிக்குச் செய்கிற வேலை அது, வைத்துக்கொள்ளப்போகிற வண்டிக்குச் செய்வதில்லை. பழைய கார் பார்க்கப் போகிறவர், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தங்களில் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். கண்ணாடியின் நாலு மூலைகளிலும் வைத்துப் பார்த்தால், பட்டி தடிமனாக இருக்கிற இடத்தில் அது நழுவி விழும்.

தகடு போகாமல் மேலோட்டமாகச் சிவந்திருந்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றும் திரவம் ஒன்றைத் தடவினார் டிங்கர். பழுப்பு நிறம் பார்க்கப் பார்க்கக் கறுத்தது. அந்தத் திரவங்களில் பெரும்பாலும் இருப்பது டானிக் அமிலம், அல்லது பாஸ்பாரிக் அமிலம். முதலாவது நமக்குப் புதிதில்லை. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இதே வேதியியலால்தான். கடுக்காயில் ஊறிய துணியின் மேல், வெல்லத்தோடு புளிக்கவிட்ட துருப்பிடித்த இரும்பின் சாறு பட்டதும் கறுக்கிறது. டானின் இரும்போடு சேர்ந்து கரையாத கறுப்புப் பொருளாகிவிடுகிறது. ஆனால் மெல்லிய துருவுக்குத்தான் இது செல்லும். அடுக்காக உரிகிற துருவின் மேல் தடவினால் மேலடுக்கு மட்டும் கறுக்கும், அடியில் பழைய கதைதான்.

உதடு போன இடத்தில் புதுத் தகடு வைத்தாக வேண்டும். டேஷ்போர்டு இறங்கியது. பேட்டரி ஒயர் கழன்றது. ஒயர்க் கட்டை ஒதுக்கிக் கட்டி, பக்கத்தில் ஈரச் சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் வந்து உட்கார்ந்தன. கேஸ் வெல்டிங் வேண்டாம், சிஓடூ வெல்டிங்தான் என்பதில் டிங்கர் பிடிவாதமாக இருந்தார். கேஸின் சூடு பரவி மெல்லிய தகட்டை நெளித்துவிடும், உதடு நெளிந்தால் புது ரப்பரும் ஒழுகும் என்பது அவர் வாதம். சரியான வாதம். பிறகு எபாக்சி பிரைமர், இணைப்புகளில் சீலர், கடைசியில் பெயிண்ட். பெயிண்ட் காய மூன்று நாள் விட்டார்கள்.

பீடிங் என்கிற அந்த ரப்பர், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து வந்தது. இரண்டு விலையில் இருந்ததாம், டிங்கர் சொன்னபடி விலை கூடியதையே வாங்கினார்கள்.

கண்ணாடி ஏற்றிய விதத்தை வங்கிக்காரர் இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலில் கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டினார்கள். தகட்டைக் கவ்வ வேண்டிய பள்ளத்துக்குள், கொடிக்கயிறு பருமனில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் ஓடவிட்டு, இரண்டு முனைகளும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டி வண்டிக்குள் தொங்கும்படி விட்டார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியை இடத்தில் வைத்து, வெளியே உதவியாள் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே டிங்கர் கயிற்றை மெல்ல இழுத்தார். கயிறு உருவ உருவ, ரப்பரின் உள் உதடு தகட்டைத் தாண்டிக் குப்புற விழுந்து கவ்விக்கொண்டே போனது. கயிறு எங்கே வெளிப்படுகிறதோ அதற்கு நேரே வெளியில் கை இருக்க வேண்டும். உதவியாள் ஒரு சாண் முந்திவிட்டான். ரப்பர் மடிந்து சிக்கியது. "என் கையப் பாத்து அமுக்குடா, ரோட்டப் பாக்காத" என்று ஒரு சத்தம். மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் முறை கண்ணாடி உட்கார்ந்த பிறகு, ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் கறுப்பு மாஸ்டிக்கை ஏற்றினார்கள். என்றைக்கும் இறுகாமல் பிசின் மாதிரியே இருப்பது அது, வினிகர் வாடையும் கிடையாது.

புது வண்டிகளில் பீடிங் இல்லை. கண்ணாடியைப் பாலியூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டிவிடுகிறார்கள். விபத்தில் கூரையைத் தாங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. விளிம்பைச் சுற்றி ஓடும் கறுப்புப் பட்டை அலங்காரத்துக்காக மட்டும் வைத்ததில்லை, வெயில் பசையைத் தின்னாமல் காப்பது அதுதான். இவையும் ஒழுகும். பெரும்பாலும் ஒருமுறை கண்ணாடி மாற்றிய பிறகு. பழைய பசையை அறுக்கிற கத்தி பெயிண்டைக் கீறிவிட்டு, அந்தக் கீறலில் பிரைமர் தொடாமல் புதுப் பசையைப் பூசினால், இரண்டு மூன்று மழைக்காலத்தில் பசைக்கு அடியிலேயே துரு ஊர்ந்து பிடியைத் தளர்த்திவிடும். மாற்றியவுடன் எல்லாக் கண்ணாடிகளையும் மூடிக்கொண்டு கதவை அறைந்து சாத்துவதும் வினைதான். உள்ளே அமுங்கும் காற்று, காயாத பசையைத் தள்ளிவிடும்.

தண்ணீர் தேங்கும் ஓர் இடுக்கு ஒரு கம்பெனியையே தலைகுனிய வைத்ததுண்டு. இத்தாலியின் லான்சியா, பீட்டா என்ற காரில் எஞ்சினைத் தாங்கும் சட்டம் பாடியோடு சேரும் இடம் துருப்பிடித்து, பிரிட்டனில் விற்ற கார்கள் பலவற்றை 1980இல் வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்ப வாங்க நேர்ந்தது. 1994இல் அந்தச் சந்தையை விட்டே வெளியேறியது. ஆடி (Audi) கார் கம்பெனி 1986இல் தன் 80 மாடலின் பாடி முழுவதற்கும் துத்தநாகப் பூச்சு கொடுத்தது. துத்தநாகம் முதலில் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். 1998 மாடல் 800இன் சொந்தக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பதினைந்து வருஷம் முடிந்து, ஐந்தைந்து வருஷமாக மூன்று முறை ஆர்.சி.யைப் புதுப்பித்தாயிற்று. 2028இல் நான்காவது முறைக்கு வண்டியை நிறுத்தும்போது ஆய்வாளர் அந்த மூலையைப் பார்ப்பாரே என்ற கவலை அவருக்கு இப்போதே இருக்கிறது.

"மொத மழை முடிஞ்சதும் வண்டியக் கொண்டாந்து காட்டுங்க" என்று டிங்கர் சொல்லியிருந்தார். மழை வந்தது. கார்பெட்டுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளை எடுத்துப் பார்த்தார், மடிப்பில்கூட ஈரமில்லை. அதையும் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனார். டிங்கர் ஒரு பழைய அம்பாசடருக்குள் மல்லாந்து கிடந்தார். தலை டேஷ்போர்டுக்கு அடியில், வாயில் டார்ச். உதவியாள் சாப்பிடப் போயிருந்தான். வெளியே பானெட்டின் மேல் ரப்பர் ஹோஸ் தண்ணீர் விட்டுக்கொண்டு கிடந்தது.

"சார் வந்துட்டீங்களா, அந்த பைப்பப் பிடிங்க. மேலேர்ந்து ஊத்தாதீங்க, எங்கேர்ந்து வருதுன்னு தெரியாது. கீழ் ஓரத்துல ஆரம்பிச்சு, ஒவ்வொரு விரக்கடையா மேல வாங்க."

வங்கிக்காரர் செய்தித்தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணாடியின் இடது கீழ் மூலையில் ஹோஸை வைத்தார்.