பத்து விக்கெட்டுக்குப் பரிசு எட்டு ஆண்டுக் காத்திருப்பு!

"பெண் பிள்ளைக்குப் பந்து எதற்கு?"

இப்படிக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் ஜூலன் கோஸ்வாமியின் கதையைக் கேட்க வேண்டும்.

மேற்கு வங்காளத்தில், நதியா மாவட்டத்தில் உள்ள சக்தஹா என்ற ஊரில் 1982-ல் பிறந்தவர் ஜூலன். 1997-ல் கொல்கத்தாவில் பெண்கள் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம் நடந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டி வரும் பந்தை எடுத்துக் கொடுக்க நின்ற சிறுமிகளில் ஜூலனும் ஒருவர். 'நானும் ஒரு நாள் நாட்டுக்காக ஆடவேண்டும்' என்ற ஆசை அன்று வேர் விட்டது.

ஆசை இருந்தால் போதுமா? உழைப்பு வேண்டாமா? விடியும் முன்பே எழுந்து, ரெயில் ஏறி, கொல்கத்தாவுக்குப் பயிற்சிக்குப் போனார். 2002 ஜனவரியில் இந்திய அணியில் இடம் கிடைத்தது. முதல் ஒரு நாள் ஆட்டம் ஆடியது நம் சென்னையில்தான்!

2006-ல் இங்கிலாந்தில் டாண்டன் நகரில் டெஸ்ட் ஆட்டம். இரண்டு இன்னிங்சிலும் ஐந்தைந்து விக்கெட்டுகளைச் சாய்த்தார் ஜூலன். இந்தியா வென்றது. இங்கிலாந்து மண்ணில் நம் பெண்கள் டெஸ்ட் தொடரை வென்றது அதுவே முதல் முறை.

இவ்வளவு சாதித்தவருக்கு அடுத்த டெஸ்ட் எப்போது கிடைத்தது? 2014-ல்! நடுவில் எட்டு ஆண்டுகள் நம் பெண்களுக்கு டெஸ்ட் ஆட்டமே இல்லை.

கபில்தேவ் 16 ஆண்டுகளில் 131 டெஸ்ட் ஆடினார். ஜூலன் 20 ஆண்டுகளில் ஆடியது 12 மட்டுமே. திறமை குறைவா? இல்லை. ஆடக் களம் கொடுக்காததே குறை.

கிடைத்த களத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. 204 ஒரு நாள் ஆட்டங்களில் 255 விக்கெட்டுகள் எடுத்தார். 2022-ல் அவர் ஓய்வு பெற்றபோது, உலகில் வேறு எந்தப் பெண்ணும் அத்தனை எடுத்ததில்லை.

ஆனால் உலகக் கோப்பை மட்டும் கைக்கு எட்டவில்லை. 2005, 2017 ஆகிய இரண்டு முறையும் இறுதி ஆட்டத்தில் தோல்வி.

2025 நவம்பரில் நம் பெண்கள் அந்தக் கோப்பையை வென்றார்கள். மைதானத்தில் இருந்த ஜூலனின் கையில் அதைக் கொடுத்தார்கள். அவர் கண்ணீர் விட்டார். விதைத்தவர் கையில் விளைச்சலைக் கொடுத்தது நல்ல செயல். ஆனால், இழந்த எட்டு ஆண்டுகளை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

பெற்றோர்களே! உங்கள் மகள் பந்தைக் கையில் எடுத்தால் பிடுங்காதீர்கள். பள்ளிக்கூட மைதானத்தில் அவளுக்கும் இடம் கேளுங்கள். ஆட்டத்தை நடத்துகிறவர்களே! பதக்கமும் பாராட்டும் பிறகு தரலாம். முதலில் ஆடக் களம் கொடுங்கள்!