"கடையை மூடினா கள்ளச்சாராயம்தான் வரும்" என்பவர்களுக்கு

1/ பழவேற்காடு மீனவக் குப்பங்கள்ல இருந்து காயத்தோட வர்ற பெண்கள்கிட்ட எப்படி ஆச்சுன்னு கேட்டா, முதல் பதில் "வழுக்கி விழுந்துட்டேன்". ரெண்டாவது பதில், "குடிக்கலன்னா தங்கமான மனுஷன் டாக்டர்". டாஸ்மாக்கை மூடச் சொன்னா மட்டும் ஊருக்கே கள்ளச்சாராய பயம் வந்துடுது.

2/ 2023 மே மாசம் கள்ளச்சாராயச் சாவு நடந்த மரக்காணம் எக்கியார்குப்பமும் மீனவக் குப்பம்தான். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல போனாங்க. ரெண்டு முறையும் மாநிலம் முழுக்க டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. அப்புறம் கடை யாரைக் காப்பாத்துச்சு?

3/ தேசிய குடும்ப நல ஆய்வு-5 (2019-21) சொல்றது: கணவர் குடிக்காத பெண்கள்ல 23% பேர் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவிச்சிருக்காங்க. கணவர் அடிக்கடி போதையாகிற பெண்கள்ல 70%.

4/ அந்த 23%-ஐயும் பாருங்க. குடி இல்லாமலும் அடி விழுது. போதையில இருக்கிறவன் படகு முதலாளியை அடிக்கிறதில்ல, வீட்டுக்கு வந்து பொண்டாட்டியைத்தான் அடிக்கிறான். அதனால குடி மன்னிப்பு ஆகாது. ஆனா 23-க்கும் 70-க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுக்காம விடவும் முடியாது.

5/ பீகார்ல 2016-ல மதுவிலக்கு வந்தது. 2024-ல லான்செட் குழும இதழ்ல வந்த ஆய்வு, அதனால சுமார் 21 லட்சம் கணவன்வழி வன்முறை நிகழ்வுகள் தவிர்க்கப்பட்டதா மதிப்பிடுது. அங்கேயும் கள்ளச்சாராயச் சாவு உண்டு, மறைக்கல. அதைத் தடுக்க வேண்டியது போலீஸ். அதுக்கு விலையா பெண்கள் ஏன் அடி வாங்கணும்?

6/ இந்த ஏரியோட வடபகுதி அன்றைய நெல்லூர் மாவட்டம். அதே மாவட்டத்து தூபகுண்டாவில 1992-ல எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் சாராயக்கடையை மூட வெச்சாங்க. 1993 அக்டோபர்ல ஆந்திரா முழுக்க சாராயத் தடை வந்தது. 1995-ல முழு மதுவிலக்கு. 1997-ல அரசே அதைத் தளர்த்திடுச்சு.

7/ நம்ம அரசுக்கு 2023-24-ல டாஸ்மாக் வருமானம் 45,000 கோடிக்கு மேல. அதுல கூடை சுமந்து மீன் வித்த பெண்கிட்ட இருந்து பிடுங்கின காசும் இருக்கு.

8/ கேட்கிறது மூணுதான். குப்பத்துக்குப் பக்கத்துல கடை வேணுமான்னு பெண்களைக் கேட்டு முடிவெடுங்க. ஆம்பளைங்க மட்டும் உட்கார்ற ஊர்ப் பஞ்சாயத்து சம்மதம் போதாது. கடையை மூடுறதுக்கு முன்னாடி பக்கத்து அரசு மருத்துவமனையில குடிநோய் சிகிச்சைக்குப் படுக்கை போடுங்க. தினமும் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அடிச்சவன் மேல வழக்கு போடுங்க, போதையைக் காரணம் காட்டி சமாதானம் பேசாதீங்க.

9/ அடி வாங்குறவங்க 181-க்குக் கூப்பிடுங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தா நடந்ததைச் சொல்லுங்க. பதிவேட்டுல "வழுக்கி விழுந்தது"ன்னு இருந்தா, நாளைக்கு கோர்ட்டுலயும் அதுதான் நிக்கும்.