கடை வாசலுக்கு ஏற்ற மருள்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் வீசிய கஜா புயலில், கட்டுமாவடியில் நம் மொத்தக் கடை வாசலில் நின்ற வேம்பு சாய்ந்தது. மரத்தோடு நிழலும் போயிற்று. சரக்குக் கட்டி முடியும் வரை நின்று பேசிய சில்லறை வியாபாரிகள், சீட்டைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் ஒதுங்கினார்கள்.

தகரக் கொட்டகை போட்டோம். வாசல் அழகுக்குப் பாம்புக் கற்றாழைத் தொட்டிகள் பத்து வாங்கி வைத்தோம். வாசல் தெளித்த மிச்சத் தண்ணீரைக் கடைப் பையன் தினமும் அதில் ஊற்றினான். இரண்டே மாதத்தில் அடி அழுகிவிட்டது. பையன் மேல் குற்றமில்லை. சொல்லிக் கொடுக்காதது நாம்தான்.

அந்தச் செடி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் பங்காளியான மருள் நம் மண்ணுக்கே உரியது. சோழமண்டலக் கரையோரக் காடுகளிலும் கோயில்காடுகளிலும் மர நிழலில் கூட்டமாக வளரும். நீண்டு தடித்த இலை, அதில் குறுக்கே கரும்பச்சைப் பட்டைகள். பார்க்க அழகு. அதன் நாரைத் திரித்து முன்னாளில் வில்லுக்கு நாண் செய்தார்கள். வெயிலையும் வறட்சியையும் தாங்கும். தேங்கும் தண்ணீரைத்தான் தாங்காது.

வளர்ப்பது எளிது. மணல் கலந்த மண் போதும். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். பக்கத்தில் கிளம்பும் கன்றைக் கிழங்கோடு பிரித்து நட்டால் பெருகும். இலையைத் துண்டாக்கி நட்டாலும் வேர் பிடிக்கும். ஆனால் மஞ்சள் ஓரமுள்ள பாம்புக் கற்றாழையை இலைத் துண்டு வைத்து வளர்த்தால் மஞ்சள் வராது, வெறும் பச்சைதான் வரும். காசு கொடுத்து வாங்குவோர் இதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

"நமக்கெதற்கு இந்த வேலை, பிளாஸ்டிக் செடி வைத்தால் போதாதா?" என்று கேட்கும் உறுப்பினர்கள் உண்டு. பிளாஸ்டிக் செடியில் தூசிதான் சேரும், கன்று சேராது. மருள் ஒருமுறை போட்ட முதல். ஆண்டுதோறும் வட்டி தரும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறோம். கோயில்காட்டிலிருந்து யாரும் பிடுங்கி வரக் கூடாது. அது ஊர்ச் சொத்து. நாற்றுப் பண்ணையில் வாங்கலாம், வளர்த்தவரிடம் கன்று கேட்கலாம்.

வேம்பு நின்ற இடத்தில் 2019-ல் புங்கன் நட்டோம். இன்று அதன் நிழலில் மருள் தழைத்திருக்கிறது. வியாபாரிகளும் மறுபடி நின்று பேசுகிறார்கள். முதலில் மரம், பிறகு செடி. வாசலில் இடமுள்ள ஒவ்வொரு கடைக்காரரும் இந்த மழைக்காலத்தில் ஒரு மரம் நட வேண்டும். அதனடியில் வைக்க மருள் கன்று கேட்டு வருபவர்களுக்கு நம் கடையில் விலையில்லை.